ஆர்எம் கட்டளையில் ஓர் இடைவெளி, எல்லாக் கோப்புகளும் போய்விட்டன

மலர்விழி:
வணக்கம். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அப்பா எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து பென்டிரைவில் வைத்திருந்தேன், 212 ஜேபெக் படங்கள். கூடவே கிடந்த டிஎம்பி என்ற தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்க, கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் அழிக்கும் கட்டளையான ஆர்எம், பிறகு நட்சத்திரக் குறி, அதை ஒட்டிப் புள்ளி டிஎம்பி என்று அடிக்க நினைத்தேன். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. புள்ளி டிஎம்பி என்று கோப்பே இல்லை என ஒரு வரி வந்தது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் ஒன்றும் இல்லை. குப்பைத்தொட்டியும் காலி. மீட்க முடியுமா? இனி டெர்மினலை எப்படிப் பழகுவது? கை நடுங்குகிறது.

செந்தில்:
அக்கா, அந்தப் பென்டிரைவில் இனி எதையும் எழுதாதீர்கள். டெஸ்ட்டிஸ்க் தொகுப்பை நிறுவினால், அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் கூடவே வரும். அதை ஓட்டி, மீட்பவற்றை லேப்டாப்பில் சேமியுங்கள். படங்கள் திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, பழைய பெயர்கள் வராது.

நட்சத்திரக் குறி ஆர்எம்முக்குப் போய்ச் சேர்வதே இல்லை. டெர்மினலில் நாம் அடிப்பதை வாங்கி இயக்கும் பாஷ் என்ற நிரல் அதைக் கோப்புப் பெயர்களாக விரித்து, அந்தப் பட்டியலைத்தான் ஆர்எம்மிடம் கொடுக்கிறது. இடைவெளி விழுந்ததும் நட்சத்திரம் தனியாக நின்று எல்லாப் பெயர்களையும் அள்ளிக்கொண்டது. ஆர்எம் குப்பைத்தொட்டிக்கும் அனுப்பாது. அதனால் எதை அழிப்பதானாலும் நான் முதலில் ஆர்எம் வரவேண்டிய இடத்தில் எல்எஸ் போட்டு அதே வரியை அடிப்பேன். வந்த பட்டியலைப் படித்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி, எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம் ஆக்குவேன். சர்வர் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதை விட்டதில்லை.

கயல்:
எம்கேடிஐஆர் கொடுத்து ஒரு பயிற்சிக் கோப்புறை உருவாக்குங்கள். டச் கட்டளையால் பத்து வெற்றுக் கோப்புகள் போட்டு, அங்கேயே அழித்துப் பழகுங்கள். எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள் என்பதை பிடபிள்யூடி சொல்லும். பெயரைப் பாதி அடித்து டேப் விசையை அழுத்தினால் மீதி தானே வரும், பிழையும் குறையும். சந்தேகம் வந்தால் மேன் என்று அடித்துப் பக்கத்தில் கட்டளையின் பெயர், அதன் விளக்கக் குறிப்பு திறக்கும். வெளியே வர க்யூ. முதல் நாள் எனக்கு அது தெரியாமல் விண்டோவையே மூடினேன்!

மலர்விழி:
198 படங்கள் வந்துவிட்டன! இருவருக்கும் மிக்க நன்றி. பெயரெல்லாம் எஃப் எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. கடிதத்தின் தேதியைப் பார்த்து எம்வியால் பெயர் மாற்றி வருகிறேன்.

செந்தில்:
ரொம்ப மகிழ்ச்சி அக்கா. எம்வியோடு கழித்தல் குறி போட்டு ஐ சேருங்கள். ஒரே தேதியில் அப்பா இரண்டு கடிதம் எழுதியிருந்தால், முந்தையதன் மேல் எழுதுமுன் கேட்கும்.