பாதுகாப்புப் பயிற்சி நடத்தியவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்

வணக்கம். செவிலியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் சேர்த்து, குழந்தைகளையும் முதியவர்களையும் கொடுமையிலிருந்து காப்பது பற்றி ஒருநாள் பயிற்சி நடத்தப் போகிறேன்.

அறிகுறிகள் பகுதி தயார். இன்னும் தவழாத குழந்தையின் உடம்பில் கன்றிய தடம், 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காதிலோ கழுத்திலோ வயிற்றிலோ கன்றல், காயத்துக்கும் சொல்லப்படும் காரணத்துக்கும் பொருந்தாமை. இவற்றைப் படங்களோடு விளக்கிவிடலாம்.

நான் தடுமாறுவது, ஒரு குழந்தை வாய் திறந்து சொல்லும் அந்தச் சில நிமிடங்களில்தான். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "மாமாதானே அடித்தார்?" என்று பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதிவைக்க வேண்டும். ஸ்லைடில் போட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் போன முறை நடித்துப் பார்த்தபோது, நல்ல அனுபவமுள்ள ஒரு செவிலியர் எடுத்த எடுப்பில் "பயப்படாதே கண்ணா, இது நமக்குள்ளேயே இருக்கும்" என்றுவிட்டார். அன்பினால் வந்த வார்த்தை. திருத்தவே எனக்கு மனசு வரவில்லை.

இதை நீங்கள் எப்படிப் பழக்குகிறீர்கள்? அந்த வாக்குறுதிக்குப் பதிலாகக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று. பயிற்சிக்கு வருபவர்களிலேயே சிறுவயதில் இதை அனுபவித்தவர்கள் இருக்கலாம். நடுவில் ஒருவர் எழுந்து போனால் எப்படிக் கையாள்வீர்கள்?

முதியவரிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் பக்கத்தில் இருக்கும் மகனே பதில் சொல்லும் சூழலுக்கு ஒரு மாதிரி உரையாடலும் தேவை. பெயர், அடையாளம் எல்லாம் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.