கொழுந்து வடிவில் ஒரு கோபுரம்: கண்டியில் கட்டினால் என்ன?

கத்தார்_தலவாக்கலை
எல்லோருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. எட்டு வருடமாக டோஹாவில் கியூ.எஸ். வேலை, கட்டடச் செலவுக் கணக்குப் பார்ப்பது. தினமும் சைட்டுக்குப் போகும் வழியில் கத்தார் தேசிய அருங்காட்சியகம் கண்ணில் படும். பாலைவன மண்ணுக்கடியில் பூ மாதிரி விளையும் ஒரு கல் இருக்கிறது, பாலைவன ரோஜா என்பார்கள். அந்தக் கல்லைப் பார்த்துத்தான் ழான் நூவெல் என்ற பிரெஞ்சுக்காரர் முழுக் கட்டடத்தையும் வடிவமைத்தார். 2019இல் திறந்தார்கள். காலுக்கடியில் கிடந்த கல்லுக்கு இப்படி ஒரு மரியாதை.

அதே ஆள் நியூயோர்க்கில் நவீன கலை அருங்காட்சியகத்தை ஒட்டி 320 மீட்டரில் ஒரு கோபுரம் வடிவமைத்திருக்கிறார். கீழ் மாடிகள் சிலவற்றில் அருங்காட்சியகத்தின் காட்சிக்கூடம், மேலே வீடுகள். அருங்காட்சியகம் தன் காணியை விற்றுத்தான் அது எழும்பியது. இடத்துக்கு இடமும் ஆச்சு, காசுக்குக் காசும் ஆச்சு.

இப்போது என் ஆசையைச் சொல்கிறேன். இது யாருடைய திட்டமும் இல்லை, என் மண்டைக்குள் இருப்பது மட்டுமே. கண்டியில் போகம்பறைப் பழைய சிறைச்சாலைப் பக்கம் 25 மாடி. கீழே காட்சிக்கூடமும் அரங்கும், நடுவில் கடைத்தொகுதி, மேலே ஹோட்டலும் தொடர்மாடி வீடுகளும். உச்சியில் தேயிலைக் கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும். கொழும்புக்குத் தாமரைக் கோபுரம் இருக்கிறது, மலைக்குக் கொழுந்து வேண்டாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

பொட்டல்வாத்தியார்
தம்பி, திட்டப் போவதில்லை. ஒரு கேள்விதான். கொழுந்து எப்போது கலை ஆனது? அது வேலை. அட்டைக் கடியோடு நனைந்துகொண்டு கிள்ளுகிற வேலை. கிள்ளியவள் இன்னும் 10க்கு 12 அடிக் காம்பராவில் இருக்கிறாள். அவள் விரல் பட்ட இலையைக் கண்ணாடியில் செய்து 25 மாடிக்கு மேல் வைத்தால், அதைப் பார்க்க அவளை லிப்டில் ஏற்றுவார்களா?

வடிவம் எங்கிருந்தும் வரலாம். உங்கள் தலவாக்கலைப் பக்கத்திலேயே ஸ்கொட்லாந்துக் கோட்டை மாதிரி ஒரு தேநீர் நிலையம் நிற்கிறது. பார்க்க அழகுதான். பஸ்ஸில் போகும்போது நானும் எட்டிப் பார்ப்பேன். ஆனால் அது எங்கள் கலை இல்லை.

எங்கள் கலைக்குச் சுவரே கிடையாது. மாசி மாதம் மூன்றாம் பிறை கண்டதும் கம்பம் நட்டால் அந்த இடம் காமன் கூத்து ஆடும் காமன் பொட்டல். தப்பு மேளச் சத்தம் கேட்டால் பக்கத்து டிவிசனிலிருந்தும் ஆள் வரும். ரதியும் மன்மதனும் ஆடி, விடிய விடிய நடந்து, பௌர்ணமியில் காமனை எரித்துவிட்டுப் போவோம். இதற்கு வேண்டியது மண். மேலே திறந்த வானம். 25 மாடியில் ஒரு மாடியும் வேண்டாம்.

மகாவலிக்கரை
நான் கண்டி டவுனில் கடை வைத்திருப்பவன். சுருக்கமாகச் சொல்கிறேன்: கார் எங்கே நிறுத்துவது? இருக்கிற வாகனத்துக்கே பெரஹர மாதிரி ஊர்வலம் போகிறோம், யானைதான் இல்லை.

தூரிகைக்காரி
வாத்தியார் சேர், உங்கள் பதிவை மரியாதையோடுதான் படித்தேன். ஆனால் பொட்டல் எல்லோருக்கும் பொது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். நான் வளர்ந்த தோட்டத்தில் ரதி வேஷத்தையும் ஆம்பிளைதான் கட்டினார். நாங்கள் பொம்பிளைப் பிள்ளைகள் மேட்டில் உட்கார்ந்து பார்த்தோம், தூக்கம் வரும்வரை. ஆட்டம் எனக்கு மனப்பாடம். இறங்க விட்டதில்லை. அப்புறம் எனக்கு எப்படி அந்த மண்?

நான் பண்டாரவளையில் இருந்து படம் வரைகிறேன். என் பிரச்சினை வேறு. எங்கள் ஊர் மூட்டத்தில் தாள் நிற்காது. பங்குனியில் வரைந்ததை ஐப்பசியில் எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் பூஞ்சணம். ஈரப்பதம் கட்டுப்படுத்திய ஒரு அறை வேண்டும், சரியான வெளிச்சம் வேண்டும், திருட்டுப் போகாத பூட்டு வேண்டும். இதெல்லாம் சுவருக்குள்தான் கிடைக்கும் சேர், வானத்துக்குக் கீழே இல்லை. இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கொழும்புக்கு இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். அங்கே கிரீன் பாத் நடைபாதை ஓரத்தில் நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கடைக்காரனும் ஹோட்டல்காரனும் காசு கட்டி எனக்கு ஒரு மாடி கிடைக்கும் என்றால் உச்சியில் கொழுந்து இருந்தாலும் சரி, கோழி இருந்தாலும் சரி.

மட்டக்கோல்
வடிவத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். யாரும் அடியைப் பார்க்கவில்லை. முப்பது வருடம் கட்டடப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன்.

கண்டி 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. தலதா மாளிகையைச் சுற்றிய வலயத்தில் உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. போகம்பறைச் சிறையே 1876இல் கட்டியது, 2014இல் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றியபோதுதான் காலியானது. அதன் பக்கத்தில் 25 மாடி என்றால் குளக்கரையில் எங்கே நின்றாலும் அதுதான் தெரியும். கண்டி ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் நட்ட குச்சியை ஒளிக்க முடியாது.

சரி, நகரத்தை விட்டு மேட்டுக்குப் போகலாம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி வேண்டும். அது வெறும் கடிதம் என்று நினைப்பவர்கள் 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நினைத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை எல்லாம் என்ன ஆயின என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சரிவை வெட்டித் தளம் போட்டால் தண்ணீர் போகும் வழி மாறும். கட்டடம் பாறையில் ஊன்றித் தப்பிவிடும். அதற்குக் கீழே இருப்பவன்தான் மாட்டுவான். மலையில் கீழே இருப்பது பெரும்பாலும் யார் வீடு?

கண்ணாடிக்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் டாலஸ் நகரத்தின் கலை வட்டாரத்தில் நாஷர் என்று ஒரு சிற்பக்கூடம், 2003இல் திறந்தது. ரென்சோ பியானோ வடிவமைத்தார். நேர் வெயில் விழாமல் வடக்கு வெளிச்சம் மட்டும் மென்மையாக இறங்கும்படி கூரையில் ஆயிரக்கணக்கான சின்னத் துளைகள். பத்து வருடத்துக்குள் அதன் வடக்கே 42 மாடிக் கண்ணாடிக் கோபுரம் ஒன்று எழும்பியது. பெயரே அருங்காட்சியகக் கோபுரம்! அதன் கண்ணாடியில் பட்ட வெயில் திரும்பி நேராக அந்தத் துளைகளுக்குள் இறங்கியது. தோட்டத்துப் புல் கருகியது. திறந்த வானத்தை மட்டும் பார்ப்பதற்காக ஜேம்ஸ் டரல் என்ற கலைஞர் அங்கே ஓர் அறை செய்திருந்தார். அதன் திறப்பில் கோபுரம் எட்டிப் பார்த்தது. தன் படைப்பு அழிந்துவிட்டதாக அவரே சொல்லிவிட்டார். கோபுரத்தின் சொந்தக்காரர் யாரென்று பார்த்தால் பொலிஸ், தீயணைப்புக்காரர்களின் ஓய்வூதிய நிதி. கெட்டவர்கள் யாரும் இல்லை. கலையைக் காட்டி வீடு விற்கப் போனார்கள், வெளிச்சம் கலையைச் சுட்டுவிட்டது.

கத்தார்_தலவாக்கலை
மட்டக்கோல் ஐயா, டாலஸ் கதை எனக்குத் தெரியாது. நன்றி. ஆனால் அது கண்ணாடியின் பிழை, கோபுரத்தின் பிழை இல்லை. கண்ணாடிக்குப் பதில் வேறு போடலாம். மண்சரிவுக்குப் பதில் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் சரிவை விட்டுவிட்டு நகரத்தின் சமதரையைக் கேட்டேன்.

எல்லோரும் குளத்தைக் காப்பாற்றுகிறீர்களே, அந்தக் குளம் என்ன இயற்கையா? 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்வெளியை அணை கட்டித் தேக்கினான். கண்ணுசாமி என்று பேர் கொண்ட நம்ம பக்கத்து ராஜாதான். அன்றைக்கு அது வீண் ஆடம்பரம். இன்றைக்கு அதுதான் கண்டி, கலியாண அல்பம் முழுக்க அந்தக் குளம்தான்.

பொட்டல்வாத்தியார்
நல்ல இடத்தில் நிறுத்திவிட்டீர்கள் தம்பி. அணைக்கு மண் சுமந்தது யார்? கூலியில்லா ராஜகாரியம். எதிர்த்தவர்களைக் குளத்துக்குள்ளேயே கழுவேற்றினான் என்று சொல்வார்கள். எட்டு வருடத்தில் ராஜ்ஜியமும் போனது. 1815இல் பிரதானிகளே வெள்ளைக்காரனிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அல்பத்தில் இது வராது.

பண்டாரவளைப் பிள்ளைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் தோட்டத்திலும் போன வருடம் ஒரு பிள்ளை ரதி கட்டக் கேட்டது. பெரியவர்கள் விடவில்லை. நான் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பொட்டல் பொது என்று இங்கே எழுதியபோது அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆனால் ஹோட்டல்காரன் காசில் ஒரு மாடி என்பதை மட்டும் நம்பாதீர்கள். முதல் வருடம் காட்சிக்கூடம், மூன்றாம் வருடம் கலியாண மண்டபம்.

மகாவலிக்கரை
ஐயா சொல்வது சரி. கத்தார் தம்பி, நியூயோர்க்கைப் பெரிதாகச் சொன்னீர்கள். அதே அருங்காட்சியகம் பக்கத்திலிருந்த நாட்டார் கலை அருங்காட்சியகக் கட்டடத்தை வாங்கி, 2014இல் இடித்துத்தான் தன்னைப் பெருப்பித்தது. இடித்த கட்டடம் 2001இல் திறந்தது. பதின்மூன்று வயசு. பெரிய கலை வந்து சின்னக் கலையை விழுங்கிய கதை. நாட்டார் கலை என்றால் நம்ம தப்பு, கூத்து மாதிரிதானே?

மட்டக்கோல்
தம்பி, உங்களுக்குப் பல மாடிதான் வேண்டும் என்றால் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் ஸ்டோர், நம்ம தேயிலைத் தொழிற்சாலை.

பழைய தேயிலை ஸ்டோர் ஏன் உயரமாக நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கொழுந்தை மேல் மாடிகளில் பரப்பிக் காற்றில் வாட்டுவார்கள். வாடியது கீழே இறங்கி உருளைக்குப் போகும், அப்புறம் புளிக்க வைத்து அடுப்புக்கு. அதனால் மேல் மாடி முழுக்க நீள ஹோல், இரண்டு பக்கமும் வரிசையாக யன்னல், குறுக்கே சுவர் கிடையாது. காட்சிக்கூடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோரை 2001இல் தேயிலை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். நான்கு மாடி. கீழே இயந்திரங்கள், மேலே கடை, உச்சியில் தேநீர் குடிக்கும் இடம். நீங்கள் கேட்ட கலப்புக் கட்டடம்தானே இது? கொழுந்து வடிவத்தில் இல்லை, கொழுந்துக்காகக் கட்டியது.

கத்தார்_தலவாக்கலை
ஐயா, நல்ல யோசனைதான், ஆனால் பழைய கட்டடம் என்றால் ஏழைக்குச் சொந்தம் என்று அர்த்தமில்லையே. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் 1996 முதல் ஹோட்டல். அருமையாகப் பாதுகாத்திருக்கிறார்கள். ஒரு இரவு தங்க நம்ம ஆட்களால் முடியுமா? நுவரெலியாத் தபால் கந்தோர் 1894இல் கட்டியது. அதை ஹோட்டல் திட்டத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புதுசு, பழசு எதுவானாலும் சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி. என் கோபுரத்தை மட்டும் ஏன் போட்டு அடிக்கிறீர்கள்?

தூரிகைக்காரி
இந்த இழையில் முதல் தடவையாக நமக்குத் தேவையான பேச்சு. சாவி.

நான் இப்படிக் கேட்பேன். கோபுரமோ ஸ்டோரோ, காட்சி மாடியின் வாடகை பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். வருடத்தில் எத்தனை நாள் வெளியூர்க் கலைஞர்களுக்கு, எத்தனை நாள் நம்மவர்களுக்கு என்பதும் எழுத்தில் வேண்டும். கலியாணத்துக்குக் கொடுத்தால் அபராதம். சாவி ஒன்று உள்ளூர்ச் சங்கத்திடம். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றை நடத்துகிறார்கள், லயக் காம்பராவுக்குள் அந்தக் காலத்துச் சாமான்களோடு. அங்கே நின்றபோது கோபுரத்தில் கிடைக்காத ஒன்று கிடைத்தது. ஆனால் சேர், அங்கேயும் ஈரம்தான். பழைய காகிதங்களைப் பார்க்கும்போது என் படங்கள் ஞாபகம் வந்தன. உணர்ச்சி வேறு, ஈரப்பதம் வேறு. ஸ்டோருக்கும் அதே கதைதான், அத்தனை யன்னலையும் அடைத்து இயந்திரம் போட வேண்டும். அதற்குக் காசு எங்கிருந்து என்று மட்டக்கோல் ஐயா சொல்லவில்லை.

மட்டக்கோல்
முழு மாடிக்கும் போட வேண்டாம் பிள்ளை. ஒரு மூலையில் பெட்டி மாதிரி ஓர் அறை அடைத்து அதற்கு மட்டும் போடலாம். படம் வைப்பது அதற்குள், ஆட்டமும் கூட்டமும் வெளியே ஹோலில். கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டால், கீழ்மாடிக் கடைதான் கட்ட வேண்டும். அந்த அளவுக்கு உங்கள் பக்கம் வருகிறேன்.

பொட்டல்வாத்தியார்
ஹோலில் ஆடலாம். ஆனால் காமனை அங்கே எரிக்க முடியாது. பலகைத் தரை.

மகாவலிக்கரை
எரிக்கிறதுக்கு வெளியே பொட்டல் விடுங்கள். அதில் மற்ற நாளில் கார் நிறுத்தலாம். என் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது!

கத்தார்_தலவாக்கலை
சரி. நேற்று ராத்திரி வரைபடத்தைத் திருத்தினேன். 25 மாடி இப்போது 6. கண்ணாடி போய்விட்டது, தகரக் கூரையும் மர யன்னலும் வந்திருக்கிறது. முன்னால் பொட்டல். காட்சி மாடி இரண்டாவது. கொழுந்தை மட்டும் எடுக்கவில்லை. யார் என்ன சொன்னாலும் அது இருக்கும். அம்மா 31 வருடம் பறித்திருக்கிறார், எங்கேயாவது ஒரு இடத்தில் அது மேலே இருக்கட்டும்.

பொட்டல்வாத்தியார்
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் லிப்ட் பேச்சை எடுத்திருக்க மாட்டேன் தம்பி. இருக்கட்டும், ஆனால் கண்ணாடியில் வேண்டாம்.

மட்டக்கோல்
6 மாடிக்கும் மண் பரிசோதனை வேண்டும்.