நன்னடத்தை அலுவலர் அறிக்கையைத் தண்டனைக்கு முன்னால் நாங்கள் பார்க்க முடியுமா?

தம்பிக்காக:
தம்பிக்கு 20 வயது முடிந்துவிட்டது. 18 முடிந்த கையோடு ஊர்த் திருவிழாவில் நடந்த அடிதடி, இ.பி.கோ. 324. போன வாரம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் தண்டனை சொல்லாமல் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்டுத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவர் வந்த நேரம் நானும் அம்மாவும் மில்லில். சாக்கடைத் தகராறில் எங்களோடு பேசாத பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுப் போய்விட்டார். பையன் எந்நேரமும் குடிதான் என்று அவர்கள் சொன்னதை எதிர்வீட்டு அக்கா காதால் கேட்டிருக்கிறார். அவன் குடிப்பதே இல்லை. காலையில் லேத் பட்டறைக்குப் போனால் ராத்திரி கை முழுக்க கிரீஸோடுதான் வருவான். அறிக்கை ரகசியம், காட்ட மாட்டார்கள் என்கிறார்கள் கோர்ட் வாசலில். வியாழக்கிழமை வாய்தா. என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் எதற்குப் பதில் சொல்வது?

கோவை வக்கீல்:
அவர்கள் சொன்னது பாதிதான் சரி. குற்றவாளியைச் சிறைக்குப் பதில் நன்னடத்தையில் விட வழி செய்யும் 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டம் 7-வது பிரிவு அறிக்கையை ரகசியம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. நீதிமன்றம் நினைத்தால் அதன் சாரத்தைக் குற்றவாளிக்குச் சொல்லலாம், அது தொடர்பாகச் சாட்சியம் கொடுக்க வாய்ப்பும் தரலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. 'தரலாம்'தான், 'தர வேண்டும்' இல்லை, அதனால் நீங்கள் கேட்டே ஆக வேண்டும். வாயால் கேட்டால் பதிவாகாது, அப்பீலுக்குப் போகும்போது காட்ட ஒன்றும் இருக்காது. உங்கள் வக்கீலிடம் சொல்லி எழுத்தில் மனுப் போடுங்கள், வியாழனுக்கு முன்னாலேயே.

இன்னொன்று, 21 வயதுக்குள் இருப்பதால் 6-வது பிரிவும் உண்டு. அறிக்கையைப் பரிசீலிக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது, அனுப்பினால் காரணம் எழுத வேண்டும். அந்த வயதைக் குற்றம் நடந்த நாளில் பார்ப்பதில்லை, தண்டனை விதிக்கும் நேரத்தில்தான் பார்ப்பார்கள், 1963-லேயே ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறந்தநாள் நெருங்கினால் வாய்தா மேல் வாய்தா வாங்காதீர்கள்.

ஒரு அப்பா:
என் மகனுக்கும் இப்படித்தான் ஆனது, அம்மா. நாங்கள் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே தெரியாது. பட்டறையில் சம்பளம் போடும் நோட்டு இருக்கும் இல்லையா, அதன் நகலும் முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதமும் வாங்கி வையுங்கள். சும்மா நல்ல பையன் என்று பத்துப் பேர் சொல்வதைவிட அது பேசும்.

டெக்சாஸ்வாசி:
இங்கே ஃபெடரல் வழக்குகளில் இந்த மாதிரி அறிக்கையைத் தண்டனைக்குக் குறைந்தது 35 நாள் முன்னால் குற்றவாளி கையிலேயே கொடுத்துவிட வேண்டும், ஆட்சேபம் எழுத 14 நாள். காட்டாமல் விட்ட மாநில வழக்கு ஒன்றும் உண்டு. ஃபுளோரிடாவில் ஜூரி ஆயுள் போதும் என்று சொல்லியும், கார்ட்னர் என்பவருக்கு நீதிபதி மரண தண்டனை விதித்தார். அவர் பார்த்த அறிக்கையில் ஒரு பகுதியை அந்த மனிதருக்குக் காட்டவே இல்லை. 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. நம் ஊர்ச் சட்டத்திலும் அந்த 'தரலாம்' மாற வேண்டும் என்பேன்.

தம்பிக்காக:
எல்லோருக்கும் நன்றி. பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பட்டறைக்காரர் நோட்டோடு தானே வருகிறேன் என்கிறார். எதிர்வீட்டு அக்காவும் சொல்லத் தயார், அவரைக் கூட்டிப் போகலாமா?

கோவை வக்கீல்:
கூட்டிப் போங்கள். அதற்கு முன் அவர் கேட்டதை அபிடவிட்டாக வாங்கி மனுவோடு சேர்த்துவிடுங்கள்.