மச்சானை வெளியேத்துனதை மச்சான் முன்னாடியே எப்படி நியாயப்படுத்துறது?

தென்கடல்_பையன் (மண்டபம்)

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் வேணும், அவசரம்.

தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுல போற எங்களுக்கு என்ன வேலை இருக்கும்னு இங்க உள்ளவங்களுக்குத் தெரியும். பெயிண்ட் அடிப்போம், வலை பின்னுவோம், மத்தியானத்துக்கு மேல சீட்டு. இந்த வருசம் துபாய்லருந்து லீவுல வந்த சின்னம்மா மகன், சீட்டை விட்டுட்டு சர்வைவர் விளையாடுவோம்னான். 2021ல ஜீ தமிழ்ல அர்ஜுன் நடத்துனாரே, சான்சிபார்ல எடுத்தது, அந்த மாதிரி. பன்னெண்டு பேர், தலைக்கு 500. தீவுக்கே போயி விளையாடுவோம்னு ஒருத்தன் கெளப்புனான். மன்னார் வளைகுடா தீவுல கால் வச்சா வனத்துறை வந்து அள்ளிட்டுப் போகும்னு சொல்லி உக்கார வச்சோம். கடைசியில எல்லாம் கரையேத்துன படகு நிழல்லதான். தினம் ஒருத்தர் அவுட். யார் வெளிய போகணும்னு துண்டுச் சீட்டுல பேரை எழுதி தெர்மாகோல் பெட்டியில போடணும்.

நான் கடைசி ரெண்டு பேர்ல ஒருத்தன். கடைசியா வெளிய போன ஏழு பேரும் ஜூரி, நாங்க ரெண்டு பேரும் பேசுனதைக் கேட்டு யாரு ஜெயிக்கணும்னு ஓட்டுப் போடுறது அவங்கதான். பிரச்சினை, அதுல ஆறாவது இடத்துல போனவன் என் மச்சான். "நீயும் நானும் கடைசி வரைக்கும்"னு முதல் நாளே கையடிச்சுக்கிட்டோம். நான்தான் நாலு பேரைச் சேத்து அவன் பேரை எழுத வச்சேன். அவன் ஓட்டத்துல, நீச்சல்ல எல்லாத்துலயும் ஜெயிக்கிறான், பக்கத்துல உக்காந்தா எனக்கு யாரு ஓட்டுப் போடுவா? அதுக்காக வலை பின்னுற அண்ணன்கிட்ட "மச்சான் நாளைக்கு உங்க பேரைத்தான் எழுதப் போறான்"னு ஒரு பொய்யும் சொன்னேன். அதுலருந்து மச்சான் டீக்கடைப் பக்கமே வரலை. தடை முடிஞ்சா அவன் டிரைவரா இருக்குற படகுலதான் நான் ஏறணும், அது வேற.

எதிர்ல நிக்கிறவன் ஐஸ் கம்பெனி பையன். யாருக்கும் கெட்டது பண்ணலை, ஒண்ணுமே பண்ணலை. நான் என்னென்ன திட்டம் போட்டேன்னு பதினோரு பாயிண்ட் எழுதி வச்சிருக்கேன். அதை வாசிக்கலாமா? அந்தப் பொய்யைச் சொல்லலாமா, மறைக்கலாமா?

உச்சிப்புளி_உடைமரம்

அழுதுடு மாப்ள. பிக் பாஸ்ல அழுதவன் ஜெயிப்பான்.

கீழக்கரை_ராத்தா

மேல உள்ள தம்பி சொல்றதைக் கேக்காதீங்க. பிக் பாஸ்ல ஓட்டுப் போடுறது வீட்ல உக்காந்திருக்குற நாங்க. உங்க கண்ணீர் எங்களுக்கு வேலை செய்யலாம். இங்க ஓட்டுப் போடுறது நீங்களே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுன ஏழு பேர். அவங்களுக்கு உங்களை நல்லாத் தெரியும்.

நான் தொதல் (எங்க ஊர் அல்வா) கிண்டுற நேரத்துக்கு போன்ல பாக்க ஆரம்பிச்சு அமெரிக்க சர்வைவர் பைத்தியமாயிட்டேன் (தொதலும் சீக்கிரம் முடியாது, அதுவும் முடியாது). 2009ல சமோவா சீசன்ல ரஸல் ஹான்ட்ஸ்னு ஒருத்தர். ஆட்டம் முழுக்க அவர் ஓட்டுனதுதான். கடைசியில 7-2ன்னு நட்டாலி ஒயிட் ஜெயிச்சாங்க. அடுத்த வருசம் திரும்ப வந்து இறுதி வரைக்கும் போனார், ஒரு ஓட்டு கூட விழலை. சாண்ட்ராவுக்கு ஆறு, பார்வதிக்கு மூணு, அவருக்கு பூஜ்யம். "நான்தான் பெரிய ஆட்டக்காரன், உங்களை எல்லாம் முட்டாளாக்கினேன்"ங்கிறதை முட்டாளானவங்ககிட்டயே சொல்லி ஓட்டுக் கேட்டா? உங்க பதினோரு பாயிண்ட் அந்த வகைதான் தம்பி.

அதுக்காக பொய்யை மறைக்கவும் சொல்லலை. 2000ல முதல் சீசன் இறுதியில ஜூரியில இருந்த சூ ஹாக், கடைசி ரெண்டு பேரான ரிச்சர்ட் ஹாட்சைப் பாம்புன்னும் கெல்லியை எலின்னும் திட்டித் தீத்தாங்க. திட்டிட்டு ஓட்டு யாருக்குப் போட்டாங்க? பாம்புக்கு. அவர் 4-3ல ஜெயிச்சார். பாம்பு தான் பாம்புங்கிறதை மறைக்கலை, கெல்லி சிநேகிதியா இருந்து காலை வாரிட்டாங்கன்னுதான் அந்த அம்மாவுக்கு ஆத்திரம். இப்ப யோசிங்க, உங்க மச்சானுக்கு நீங்க ஹாட்சா, கெல்லியா?

2007 சைனா சீசன்ல ஜெயிச்ச டாட் ஹெர்ஸாக் ஜூரி முன்னாடி பேசுனதை முடிஞ்சா தேடிப் பாருங்க. கேள்வி கேட்ட ஒவ்வொருத்தருக்கும் அந்த ஆளுக்கு ஏத்த மாதிரி பதில். நல்லா விளையாடுன அமண்டா அதே இடத்துல தடுமாறினாங்க, ஒரே ஓட்டு.

தென்கடல்_பையன்

கெல்லிதான் ராத்தா. படிச்சதும் வயிறு கலங்கிடுச்சு. சரி, பேப்பரைக் கிழிச்சிட்டேன். ஆனா எழுந்து நின்னு என்னத்தைச் சொல்ல?

பாம்பன்_கணக்குப்பிள்ளை

தம்பி, எனக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது. முப்பது வருசமா படகுக்குப் பங்குக் கணக்குப் பாக்குறேன். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் பங்கு வைக்கிறப்ப, மொத்தம் எவ்வளவுன்னு நான் நீட்டி முழக்குனா ஒரு ஆள் காது கொடுக்க மாட்டான். அவனுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: "எனக்கு ஏன் இருநூறு குறைஞ்சுது?" அதுக்கு ஒரு வரியில உண்மையான பதில் இருந்தா, முகத்தைத் தூக்கி வச்சாலும் மறுநாள் கடலுக்கு வருவான். "வெல கெடைக்கல, என்ன செய்ய"ன்னு மழுப்புனா அடுத்த படகுக்குப் போயிடுவான்.

ஏழு பேர்னா ஏழு கணக்கு. அந்த அண்ணன்கிட்ட சொன்ன பொய்யை அவர் கேக்குறதுக்கு முன்னாடி நீயே சொல்லு. "உங்க பயத்தை நான் பயன்படுத்திக்கிட்டேன், அந்த ஒரு ஓட்டு இல்லாம என்னால முடியாது"ன்னு. ஐஸ் கம்பெனிப் பையனைக் குறை பேசாதே, அவன் எல்லாருக்கும் வேண்டியவன். அவன் பேரு எழுதப்படாம நீ என்னைக்காவது தடுத்திருந்தா அதை மட்டும் சொல்லு.

உச்சிப்புளி_உடைமரம்

ஆமா, இவரு சொல்றதுதான் சரி. நான் சொன்னதை அழிச்சுக்கங்க.

தென்கடல்_பையன்

முடிஞ்சுது. 5-2. தோத்துட்டேன்.

அண்ணன்கிட்ட பொய்யை நானே சொன்னேன். சிரிச்சுட்டார், "அன்னைக்கே தெரியும்டா, எனக்கும் அவன் போகணும்னு இருந்துச்சு"ன்னார். ஐஸ் பையன் பேரு ரெண்டு தடவை வந்தப்ப நான் திருப்பிவிட்டதைச் சொன்னேன். அதைக் கேட்டு அவனே ஆச்சரியப்பட்டு நன்றி சொன்னான், அங்கதான் அவனுக்கு ரெண்டு ஓட்டு கூடியிருக்கும்னு நினைக்கிறேன்.

மச்சான் கடைசியா எந்திரிச்சான். ஏன் எழுதுனேன்னு கேப்பான்னு பதில் தயாரா வச்சிருந்தேன். அவன் கேட்டது வேற. "அன்னைக்கு மத்தியானம் எங்க வீட்ல கணவாய்க் குழம்பு ஊத்திச் சாப்பிட்டியே, அப்பவே முடிவு பண்ணிட்டியா?"

ராத்தா சொன்னது, கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது எதுவும் ஞாபகம் வரலை. ஆமான்னேன். "ரெண்டாவது தடவை சோறு கேட்டப்பவுமா?"ன்னான். ஆமான்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, அவன் சிரிக்கலை.

எனக்கு விழுந்த ரெண்டு சீட்டுல ஒண்ணுல நீலப் பெயிண்ட் கறை இருந்துச்சு. அந்த வாரம் நீலம் அடிச்சது மூணு படகு, அதுல ஒண்ணு அவன் படகு. அவன்கிட்ட கேக்கலை.

ஜெயிச்ச பையன் 6,000த்துல எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தர்றேன்னான். இன்னும் வாங்கித் தரலை.