22 ஆண்டு அனுபவம் உள்ள பிளம்பர் உரிமம் பெற என்ன வழி?

அவிநாசியிலிருந்து ஒரு பிளம்பர்:

அனைவருக்கும் வணக்கம். 17 வயதில் தாய்மாமனிடம் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புக்கு மரை போடக் கற்றுக்கொண்டு, 22 ஆண்டுகளாகத் திருப்பூர் வட்டாரத்தில் இந்தத் தொழிலையே செய்து வருகிறேன். பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறேன், ஐடிஐ படிக்கவில்லை. சென்ற மாதம் ஒரு புது வீட்டில் அத்தனை குழாய்களையும் நானே பதித்திருந்தும், குடிநீர் இணைப்பு விண்ணப்பத்தில் கையொப்பமிட உரிமம் வைத்திருக்கும் வேறொருவரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. அவர் அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. அது மனத்தை மிகவும் வருத்திவிட்டது. என்னிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது, அது போதாதா? இந்த வயதில் ஐடிஐயில் சேர்ந்து ஓராண்டு வகுப்பில் உட்கார வேண்டுமா?

கோவை, ஓய்வுபெற்ற ஐடிஐ பயிற்றுநர்:

தம்பி, நல வாரிய அட்டை விபத்து, கல்வி, ஓய்வூதியம் போன்ற உதவிகளுக்கானது. தொழில் உரிமம் ஆகாது. உரிமம் வழங்குவது உள்ளாட்சி அமைப்பு என்பதால், திருப்பூர் மாநகராட்சியில் பெற்றதை வைத்துக்கொண்டு பக்கத்து நகராட்சியில் கையொப்பமிட முடியாமல் போகலாம். எனவே நீங்கள் அதிகம் வேலை செய்யும் ஊரின் குடிநீர்ப் பிரிவில், என்ன சான்று ஏற்பார்கள் என்பதை முதலில் நேரில் கேட்டுவிடுங்கள்.

வகுப்பில் உட்காராமலும் ஐடிஐ சான்று பெறலாம். 21 வயது நிறைந்து, 3 ஆண்டுத் தொழில் அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. அறிவிப்பு வரும்போது அருகிலுள்ள அரசு ஐடிஐயில் விசாரியுங்கள். செய்முறையில் உங்களைப் போன்றவர்கள் தவறுவது அரிது. குழாயைக் கையில் கொடுத்தால் கண்ணளவிலேயே வெட்டிப் பொருத்துகிறவர்கள், அதே இணைப்பைத் தாளில் வரையச் சொன்னால் திகைத்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே கணக்கையும் வரைபடத்தையும் மூன்று மாதமாவது ஒருவரிடம் உட்கார்ந்து பழகுங்கள்.

பொள்ளாச்சி, உரிமம் பெற்ற பிளம்பர்:

அண்ணா, முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் ஆர்பிஎல் திட்டமும் இருக்கிறது. சில நாள் அறிமுக வகுப்புக்குப் பிறகு மதிப்பீடு நடக்கும். ஆனால் அதை ஐடிஐ சான்றுக்கு நிகராக எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.

வேலையைப் பார்க்காமல் கையொப்பமிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இங்கே ஒரு வீட்டில் ஆழியாற்றுத் தண்ணீர் வரும் குழாயையும் போர்வெல் குழாயையும் ஒரே கேட் வால்வை நடுவில் வைத்து இணைத்திருந்தார்கள். வால்வு தேய்ந்திருந்த நிலையில், தெருக்குழாயில் அழுத்தம் குறையும்போதெல்லாம் வீட்டுப் போர்வெல்லின் உப்புத் தண்ணீர் பின்னோக்கி ஏறி ஊர்க்குழாயில் கலந்தது. குழாயை வெட்டிப் பிரித்து, நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டி வைத்து, நீர்மட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டுக் குழாய்வாயை அமைத்த பிறகே நான் கையொப்பமிட்டேன். உரிமம் கேட்பது இதற்காகத்தான்.

இன்னொன்று, உங்களோடு வேலை செய்த பொறியாளர்களிடமும் ஒப்பந்ததாரர்களிடமும் ஆண்டு, இடம், வேலையின் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிட்டு இப்போதே கடிதம் வாங்கி வையுங்கள். எனக்கு முதலில் வேலை கொடுத்தவர் காலமாகிவிட்டதால், ஆறு ஆண்டு அனுபவத்தை என்னால் காட்ட முடியாமலே போயிற்று.

அவிநாசியிலிருந்து ஒரு பிளம்பர்:

இருவருக்கும் நன்றி. திங்கட்கிழமை குடிநீர்ப் பிரிவுக்குச் செல்கிறேன். மாமாவுக்கு இப்போது 71 வயது. அவருடைய கடிதத்தை இன்று மாலையே எழுதி வாங்கிவிடுகிறேன். ஐயா, வரைபடப் பாடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கோவைக்கு வந்து தங்களிடமே பயில இயலுமா?