நைட் டூட்டிக்காரர்களுக்கும் ஒத்துவரும் உடற்பயிற்சி: யோசனை சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரியில் கிளைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். மே 12 செவிலியர் தினத்திலிருந்து ஊழியர்களுக்கு மாதச் செய்தி மடலும் உடற்பயிற்சியும் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மடல் பிரச்சினையில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள், பதவி உயர்வு, பணி ஓய்வு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

பயிற்சிதான் சிக்கல். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டுப் பென்னாகரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அக்காவிடம் காலை ஏழரைக்கு யோகா என்றால் முறைக்க மாட்டாரா? நோயாளிகளைத் தூக்கித் திருப்பியே பலருக்கு இடுப்பு வலி. நடைப் போட்டி வைத்தால் அவர்களுக்குக் கேலியாகத்தான் தெரியும். (என்னைப் போல நாற்காலியில் இருப்பவர்களுக்கு வேண்டுமானால் நல்லது.)

உங்கள் மருத்துவமனையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடப் பயிற்சி ஏதாவது நடத்தியிருக்கிறீர்களா? டூட்டி நேரத்திலேயே சேர்த்தீர்களா? இடுப்பு வலி வராமல் நோயாளியைத் தூக்கக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் யாராவது ஓசூர்ப் பக்கம் தெரியுமா? துப்புரவுப் பணியாளர்களையும் சேர்க்க வேண்டும், அவர்களை எப்போதும் விட்டுவிடுகிறோம். பட்ஜெட் சொற்பம்தான். அனுபவம் உள்ளவர்கள் கமெண்டில் எழுதுங்கள்.