முதியோர் இல்ல ஆய்வுக்கு ஆட்களை எப்படித் தெரிவு செய்வது?

கேள்வி: யாழ்ப்பாணத்து முதியோர் இல்லங்களில் தனிமையுணர்வு பற்றி ஆய்வு செய்கிறேன். கைதடி அரச இல்லம் பெரியது, மற்றவை சின்னவை. எல்லாவற்றிலும் பத்துப் பேர் எடுத்தால் சரிதானே?

பதில் 1: சரிவராது தம்பி. பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் வந்துவிடுவார்கள், நூறு பேர் உள்ள இடத்தில் பத்தில் ஒருவர்தான். ஆட்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் எடுங்கள், இல்லாவிட்டால் பகுப்பாய்வில் நிறை கொடுங்கள், அதாவது பெரிய இல்லத்தவரின் பதில்களுக்குக் கணக்கில் கூடுதல் பங்கு கொடுங்கள்.

பதில் 2: அண்ணை சொல்வது சரி, ஆனால் பெயர்ப்பட்டியலை வாங்கி நீங்களே எழுமாறாக, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, தெரிவு செய்யுங்கள். பொறுப்பாளரிடம் விட்டால் நன்றாகக் கதைக்கிற அம்மாக்களையே கூட்டிவந்து இருத்துவார், படுக்கையில் கிடப்பவர்களும் காது கேளாதவர்களும் விடுபடுவார்கள், தனிமை கூடுதலாக இருக்கக்கூடியது அவர்களுக்குத்தானே!

கேட்டவர்: மறதிநோய் உள்ளவர்கள்?

பதில் 1: சும்மா நீக்காதீர்கள். சம்மதம் தர இயலுமா என்று ஆளுக்காள் பாருங்கள், இயலாதென்றால் நெறிமுறைக் குழு அனுமதித்தபடி உறவினரிடம் கேளுங்கள். அப்புறம், எத்தனை பேர் ஏன் விடுபட்டார்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.